கறுப்புக் கண்ணாடி மாப்பிள்ளை

காப்பித் தட்டைக் கையில் கொடுத்த கையோடு, நான்சியின் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அரிசிப் பானைக்குள் ஒளித்தாள் அவள் அம்மா சகாயசெல்வி. பெண் பார்க்க வந்தவர்கள் கண்ணில் அது படக்கூடாதாம். நான்சிக்கு நூல்மில்லில் வேலை. அறுந்த இழையைப் பிடித்து முடிச்சுப் போட வேண்டும். அந்த வீட்டில் உலை கொதிப்பதே அந்தக் கண்ணாடியால்தான். அதைக் கொண்டுபோய்த் திருட்டுப் பொருள் மாதிரி ஒளித்தாயிற்று.

கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அவளுக்குக் கலங்கல் கலங்கலாகத் தெரிந்தார்கள். ஒரு முகத்தில் மட்டும் கறுப்பாக இரண்டு வட்டம். வீட்டுக்குள் கூலிங்கிளாஸ் போட்டிருக்கிற அந்த மகராசன்தான் மாப்பிள்ளை சார்லஸ். குத்துமதிப்பாகத் தட்டை நீட்டினாள். அவனும் குத்துமதிப்பாகக் கையை நீட்டினான். டம்ளர் சாய்ந்து காப்பி அவன் வெள்ளைப் பேண்டில் இறங்கியது.

"ஏலே, பாத்து எடுக்கக் கூடாதா" என்ற மாப்பிள்ளையின் அம்மா செபாஸ்தியம்மாள், பெருமையோடு விளக்கினாள். "மதுரையில லேசர் பண்ணி நாலு நாளுதான் ஆச்சு. கண்ணாடி போட்ட மாப்பிள்ளைன்னு ஒரு சொல்லு வரக்கூடாதுல்ல. தவக்காலம் பிறந்துட்டா கோயில்ல கல்யாணம் வைக்க மாட்டாங்க. அதான் வத்தலக்குண்டுல பஸ் ஏத்திக் கூட்டியாந்துட்டேன்."

பிறகு குரலைத் தாழ்த்தினாள். "உங்க பிள்ளையும் கண்ணாடின்னு தரகர் சொன்னாரு. கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சு அறிவிக்கிறதுக்குள்ள இதையும் முடிச்சு விட்டுருங்க. முடி வெட்டுற மாதிரிதான்."

கண்ணாடியைச் சாக்காக வைத்து ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் கை நழுவியிருந்தது. நான்சியின் அப்பா ராயப்பராஜ் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். கொஞ்சம் விட்டால் இன்றைக்கே மதுரைக்கு அனுப்பிவிடுவார்.

"நான் அவர்ட்ட ரெண்டு வார்த்தை பேசணும்" என்றாள் நான்சி. அரிசிப் பானைக்குள் கையை விட்டுக் கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கொல்லைப்புறம் நடந்தாள். சார்லஸ் பின்னால் வந்தான்.

"முடி வெட்டுற மாதிரியா இருந்துச்சு?"

அவன் கூடத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான். "மருந்து ஊத்தி மரத்துப்போக வச்சிருவாங்க. வலிக்காது. இமையை மூட விடாம ஒரு கம்பி வைப்பாங்க. அப்புறம் கண்ணைப் பிடிச்சு ஒரு அமுக்கு. கரண்டு போன மாதிரி செத்த நேரம் ஒண்ணும் தெரியாது. ஒரு புள்ளி வெளிச்சத்தையே பாக்கச் சொன்னாங்க. முடி கருகுற வாடை வந்துச்சு."

"அப்புறம்?"

"அன்னைக்குப் பூராம் மிளகாய்த்தூள் விழுந்த மாதிரி எரிஞ்சுச்சு. மறுநா காலையில காலண்டர் தேதி கண்ணாடி இல்லாமத் தெரிஞ்சுச்சுங்க, பொய் சொல்லக்கூடாது. இப்ப வெளிச்சம்தான் கூசுது. லைட்டைச் சுத்தி வளையமாத் தெரியுது. போகப் போகச் சரியாயிருமாம். சொட்டு மருந்து விடணும், தலைக்குத் தண்ணி ஊத்தக் கூடாது, கசக்கக் கூடாது, தூசியில போகக் கூடாது."

ஞானோபதேசம் ஒப்பிக்கிற மாதிரி ஒப்பித்துக்கொண்டே, கறுப்புக் கண்ணாடிக்கு அடியில் விரலை விட்டுக் கசக்கினான்.

"கசக்காதீங்க."

கை சட்டென்று இறங்கியது. சொன்ன பேச்சைக் கேட்பதில் மட்டும் கெட்டிக்காரன்.

"பஸ்ல எங்க உக்காந்து வந்தீங்க?"

"ஜன்னலோரம். அம்மா இடம் பிடிச்சுக் குடுத்தாங்க."

"மருந்து?"

"அம்மா பையில."

மில்லில் பஞ்சுத் தூசி இமையில் வந்து உட்காரும். தூசியில் போகாதே என்றால் வேலையை விட்டு நிற்க வேண்டியதுதான். அதை இவனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஆனாலும் ஒன்று கேட்டுப் பார்த்தாள்.

"நான் கண்ணாடியோடயே இருந்தா உங்களுக்கு என்ன?"

"எனக்கு ஒண்ணுமில்லைங்க" என்றான். அந்த ஒரு கணம் அவள் மனது இளகியது. "அம்மாட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிருவோம்" என்று அவனே அதைக் கெடுத்தான்.

நான்சி கண்ணாடியோடு கூடத்துக்குள் வந்து நின்றாள். சகாயசெல்வி தலையில் கை வைத்தாள்.

"மகனைக் கூட்டிப்போய் இருட்டுல படுக்க வைங்கம்மா" என்றாள் நான்சி செபாஸ்தியம்மாளிடம். "மறுபடி ஜன்னலோரம் உக்கார வைக்காதீங்க. எனக்கு லேசரும் வேண்டாம், இந்தச் சம்பந்தமும் வேண்டாம்."

"ஏ பிள்ள" என்று ராயப்பராஜ் எழுந்தார்.

செபாஸ்தியம்மாள் விறுக்கென்று எழுந்து, மகனுடைய கறுப்புக் கண்ணாடியைத் தூக்கி, பஸ் தூசி படிந்த முந்தானையால் அவன் கண்ணை அழுத்தித் துடைத்தாள். வளர்ந்த ஆம்பளை முகத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றான். நான்சிக்கு எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது.

"அரிசியைக் களைஞ்சு போடும்மா" என்றாள் சகாயசெல்வியிடம். "சிப்டுக்கு நேரமாச்சு."