கோர்டனின் வண்டிச் சாவி

கடல் இன்னும் உறையவில்லை. சீல் என்னும் கடல்நாயைப் பிடிக்கப் பனிப்பரப்பு இல்லாமல் பட்டினியோடு ஊருக்குள் வந்த பெண் பனிக்கரடி, கிழவர் துலுகாக்கின் நாயைக் கிழித்துப் போட்டது. கரடியை அவரே சுட வேண்டியதாயிற்று. தோலுரித்தபோது அதன் வயிற்றில் தார்ப்பாய்த் துண்டுதான் இருந்தது. அவருக்குக் கரடிமேல் கோபமில்லை. புகை விட்டுக் கடலைச் சூடாக்குகிறவர்கள்மேல்தான் வயிறு எரிந்தது.

மறுநாள் காலை கடை வாசலில் கோர்டனின் வண்டி ஆளில்லாமல் உறுமிக்கொண்டு நின்றது. திரும்பி வரும்போது இருக்கை சூடாக இருக்கவேண்டுமாம். அவன் உள்ளே காப்பி குடித்துக்கொண்டிருந்தான். கரடிக்குப் பயந்து ஓடுகிறவர் ஏறிக்கொள்ளட்டும் என்று அந்த ஊரில் யாரும் வண்டியைப் பூட்டுவதில்லை. துலுகாக் கதவைத் திறந்தார், எஞ்சினை அணைத்தார், சாவியைக் கொண்டுபோய் அவன் காப்பிக்குள் போட்டார்.

"யோவ் கிழவா! பைத்தியமா புடிச்சிருக்கு?"

"உன் குண்டி சூடா இருக்கணும்னு என் நாய் செத்துச்சுடா. அந்தக் கரடியும் செத்துச்சு."

"என் ஒரு வண்டியாலயா கடல் உறையாம இருக்கு?"

"உலகத்து வண்டியெல்லாம் என் கைக்கு எட்டாது. உன்னுது எட்டுது. தினமும் அணைப்பேன்."

"நாளைலேருந்து பூட்டிட்டு வர்றேன், பாரு!"

போன வருஷம் கரடி துரத்தியபோது கோர்டனின் மனைவி ஏறித் தப்பியது அடுத்தவர் வண்டியில்தான். கல்லாவில் இருந்த அவளே, "பூட்டித்தான் பாரேன்" என்றாள்.

கோர்டன் சாவியைத் துடைத்துப் பைக்குள் வைத்தான்.

துலுகாக்குக்கு மனம் ஆறவில்லை. வெளியே இன்னும் மூன்று வண்டிகள் உறுமிக்கொண்டிருந்தன. கையுறையை மாட்டிக்கொண்டு இறங்கினார்.