டேப்புக்கு அந்தப் பக்கம்

அந்த டேப் சிவப்பா மஞ்சளா என்று எனக்கு இப்போது உறுதியில்லை. நடந்த மாதமும் மாறியிருக்கலாம். அவளுடைய கோபத்தை மட்டும் நான் கூட்டிச் சொல்லவில்லை.

அவள் சட்டைக் கம்பெனியில் பட்டன் துளை போடும் காஜா மெஷின் ஓட்டுகிறவள். வாய் திறப்பது அபூர்வம். சாப்பாட்டு நேரத்திலும் புத்தகத்துக்குள் தலையைப் புதைத்துக்கொள்வாள். 'ஊமைக்கோட்டான்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அடுத்த மெஷினில் அவள் நாத்தனார், ஆறு மாதக் கர்ப்பிணி.

அனுப்ப வேண்டிய சரக்கு தாமதமானதும் சூப்பர்வைசர் தையல் வரிசையைச் சுற்றித் தரையில் டேப் ஒட்டினான். அன்றைய சட்டைகள் முடியும்வரை யாரும் தாண்டக் கூடாது. கழிப்பறைக்குக்கூட.

நாத்தனார் இரண்டு முறை எழுந்து உட்கார்ந்தாள்.

"அண்ணி, அடக்க முடியல."

"போயிட்டு வா."

"பேரை எழுதிடுவான். பிரசவ லீவு கேட்டிருக்கேனே, இப்போ எதுக்கு வம்பு?"

காஜா மெஷினில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தைத்தாள். மூன்றாவது முறை நாத்தனார் எழுந்தபோது சூப்பர்வைசர் மடக்கினான்.

"என்னம்மா, மகாராணி நகர்வலம் போறீங்களா? டெட்லைன்னா என்னன்னு தெரியுமா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நாத்தனாரின் கண் கலங்கியது. காஜா மெஷின் நின்றது.

"எனக்குத் தெரியும்."

"அடேங்கப்பா, கோட்டான் பேசுது! சொல்லு, கேப்போம்."

"அமெரிக்காவுல உள்நாட்டுச் சண்டை நடந்தப்போ கைதிங்களை அடைச்ச இடத்துல போட்ட கோடு அது. தாண்டினவனைக் காவக்காரன் சுட்டுடுவான். பத்திரிகைக்காரங்க, ஆபீஸ்காரங்கல்லாம் அப்புறம்தான் அந்த வார்த்தையை எடுத்துக்கிட்டாங்க. உங்களுக்கு யாரும் சொல்லித் தரல. நீங்களே கரெக்டா போட்டுட்டீங்க."

"படிச்ச திமிரு. உக்காரு!"

"துப்பாக்கி எங்க வெச்சிருக்கீங்க?"

அவள் நாத்தனாரின் கையைப் பிடித்து டேப்பைத் தாண்டினாள். கழிப்பறைக் கதவுக்கு வெளியே காவல் நின்றபடி திரும்பிப் பார்த்தாள். நாற்பது பேர் தைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிலும் எத்தனை பேர் காலை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்பது அவளுக்குத் தெரியும். ஒருத்திகூட எழவில்லை. அவன்மேல் இருந்ததைவிட அவர்கள்மேல்தான் அவளுக்குக் கோபம் அதிகம்.

அந்த வாரமே அவளை நிறுத்திவிட்டார்கள். இப்போது வேறொரு கம்பெனியில் காலர் தைக்கிறாள். நாத்தனாருக்கு லீவு கிடைக்கவில்லை. வேலையை விட்டாள், பெண் குழந்தை பிறந்தது. சூப்பர்வைசர் மேனேஜராகிவிட்டான். மற்றவர்கள் அங்கேயே வேலை செய்கிறார்கள்.