தரையோரக் காற்று

இடஒதுக்கீடு கேட்டு மரங்களை வெட்டிச் சாலையில் போடுகிறார்கள் என்ற செய்தி வந்தபோது, கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு தவிட்டெண்ணெய் ஆலையில் தொழிற்சாலை ஆய்வு அதிகாரி பொன்னுரங்கம், எண்ணெய் பிரிக்க ஊற்றும் ஹெக்சேன் திரவத்தின் ஆவியைக் காற்றில் அளந்துகொண்டிருந்தார்.

"குனிஞ்சு தவிடு வாரிக்கினு இருக்கும்போதுதாங்க நெடி ஜாஸ்தி. கீழ வெச்சுப் பாருங்க சார்," என்றாள் கூலியாள் ஆயம்மாள்.

நரம்பைக் கெடுக்கும் அந்த ஆவி தரையோரம்தான் தேங்கும் என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் பஸ் நின்றுவிடுமே என்ற அவசரத்தில், நின்றபடியே அளந்து, 'வரம்புக்குள்' என்று எழுதிவிட்டுக் கிளம்பினார்.

எட்டு மாதம் கழித்து மறுபடி வந்த பொன்னுரங்கம் முழங்காலிட்டு அளந்தார். வரம்பைப் போல் மூன்று மடங்கு இருந்தது. வேலையை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு, வேலைக்கு வராமல் இருந்த ஆயம்மாளின் வீட்டைத் தேடிப் போனார்.

கால்கள் மரத்துப்போன அவள் சுவரைப் பிடித்தபடி வந்தாள்.

"அன்னிக்கே குனிஞ்சு பார்த்திருக்கணும்மா," என்றார்.

"ஆமாங்க," என்றாள் அவள்.