பழகிப் பார்க்கக் கொடுத்த கேசட்

வசந்தகுமாரி ஆறு மாதக் கர்ப்பமாக இருந்தபோது கஜபதி ஒரு யோசனையோடு ஆவடி குவார்ட்டர்ஸுக்கு வந்தார். அம்பத்தூர், பூந்தமல்லி பக்கத்துக் கல்யாண வரவேற்புகளில் பாட்டுக் கச்சேரி செய்யும் மெல்லிசைக் குழு அவருடையது. அதில் சில வருடங்களாகக் கீபோர்டு வாசித்து வந்தவள் வசந்தகுமாரி. அவள் கணவன் குணசேகரனுக்குத் தொழிற்சாலையில் பெயின்ட் அடிக்கும் பிரிவில் வேலை. அவனுடைய அண்ணன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கீபோர்டில், யாரும் சொல்லித் தராமல், ரேடியோவைக் கேட்டுக் கேட்டே வாசிக்கக் கற்றவள் அவள்.

"இன்னும் கொஞ்ச நாளைக்கு உன்னால மேடை ஏற முடியாதும்மா," என்றார் கஜபதி. "சம்பத்துன்னு ஒரு புள்ளய புடிச்சிருக்கேன். அவனுக்கு நம்ம பாட்டு ஒண்ணும் தெரியாது. நீ வாசிச்சு ஒரு கேசட்ல ரெக்கார்டு பண்ணிக் குடு. கேட்டுகினே பழகிப்பான். கொழந்த பொறந்து தெம்பா வா, உன் எடம் உனக்குத்தான்."

நியாயமான பேச்சாகவே பட்டது. தன்னால் குழு நின்றுவிடக் கூடாது என்ற நினைப்பும் அவளுக்கு இருந்தது. சரியென்றாள்.

மறுநாள் காலை வீட்டிலிருந்த, ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ-இன்-ஒன்னைக் கீபோர்டுக்கு எதிரே ஸ்டூலில் வைத்து, சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு வாசித்தாள். போட்டுக் கேட்டபோது பாட்டைத் தவிர மற்றதெல்லாம் தெளிவாக விழுந்திருந்தது. பக்கத்து வீட்டுக் குக்கர் விசில், ஷிப்டுச் சங்கு, கட்டைகள் மேல் அவள் விரல்கள் தட்டும் சத்தம். வாசிப்போ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. ஜன்னலைச் சாத்திப் பார்த்தாள், போர்வையால் மூடிப் பார்த்தாள். உருப்படவில்லை.

கரையான்சாவடியில் கேசட்டுகளில் பாட்டுப் பதிந்து தரும் கலீல் ரகுமானிடம், டூ-இன்-ஒன்னையும் தூக்கிக்கொண்டு போனாள். அவர் அதைத் திருப்பி வைத்து முதுகுப்பக்கத்தைப் பார்த்தார்.

"காத்து வழியா புடிச்சா காத்துல இருக்கறது எல்லாந்தாம்மா வரும். ஒயர் வழியா அனுப்பு. இதோ, பின்னால லைன் இன்னுன்னு ஒயர் சொருகற ஓட்ட இருக்கு. உன் கீபோர்டுல ஹெட்போன் சொருகற எடம் இருக்கும்ல, அங்கிருந்து நேரா இங்க இழுத்துடலாம்."

அளவுக்கு ஒரு ஒயரை வெட்டி, இரண்டு பக்கமும் பின் வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தார். "கீபோர்டு சவுண்ட பாதிக்கு மேல ஏத்தாத, கரகரன்னு ஆயிடும். ரொம்பக் கொறைச்சா டேப்போட இரைச்சல்தான் கேக்கும். மொதல்ல கொஞ்சம் புடிச்சுக் கேட்டுட்டு அப்புறம் ஆரம்பி."

ஒயரைச் சொருகியதும் கீபோர்டு ஊமையானது. கெட்டுவிட்டதோ என்று அவளுக்குத் திக்கென்றது. பிறகு டூ-இன்-ஒன்னில் ஹெட்போனை மாட்டிக் கேட்டாள். அவ்வளவு சுத்தமாகத் தன் வாசிப்பை அவள் அதுவரை கேட்டதே இல்லை. குக்கர் இல்லை, சங்கு இல்லை. வேலை முடிந்து வந்த குணசேகரன், சத்தமே வராத கட்டைகளின் மேல் மனைவியின் விரல்கள் ஓடுவதைப் பார்த்துக் கதவருகிலேயே நின்றுவிட்டான். அவள் சிரித்துக்கொண்டே ஹெட்போனைக் கழற்றி அவன் காதில் வைத்தாள்.

ஒரு வாரம் உட்கார்ந்து எல்லாப் பாட்டுக்கும் வாசித்தாள். கச்சேரி தொடங்குமுன் வாசிக்கும் வரவேற்பு இசை அவளே போட்ட மெட்டு. அதை ஐந்தாறு முறை அழித்து அழித்துப் பதிந்தாள். பாட்டுகளில் குழுவின் பாடகி சுசீலா எங்கே மூச்சு வாங்குவாள், எங்கே கொஞ்சம் இழுப்பாள் என்பதெல்லாம் மனதில் இருந்ததால் அங்கங்கே நின்று வாசித்தாள்.

கேசட்டைப் போட்டுக் கேட்ட கஜபதி, "ஸ்டுடியோல புடிச்ச மாதிரி கீதும்மா," என்றார். அன்றிரவு வசந்தகுமாரி நிம்மதியாகத் தூங்கினாள்.

பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்குத் தலை நின்றதும் கஜபதி வீட்டுக்குப் போனாள். "இந்த முகூர்த்தம் தாண்டட்டும்மா," என்றார். அடுத்த மாதம் போனபோது, "பச்சக் கொழந்தய வச்சிகினு ராத்திரியில எங்க அலைவ?" என்றார். மூன்றாம் முறை, "சம்பத்து நல்லாப் புடிச்சிகினான். உன்ன மாதிரியே வாசிக்கிறான்," என்றார். அவளுக்குச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் தன் கேசட்டைக் கேட்டு ஒரு பிள்ளை வாசிக்கக் கற்றுக்கொண்டான் என்பதில் ஒரு பெருமையும் இருந்தது.

தை மாதம், குணசேகரனோடு வேலை செய்யும் கோவிந்தராஜ் தன் மகளுக்குச் சென்னீர்குப்பத்தில் ஒரு மண்டபத்தில் கல்யாணம் வைத்தார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு இருவரும் வரவேற்புக்குப் போனார்கள். மேடையில் கஜபதியின் குழு. கீபோர்டுக்குப் பின்னால் பளபளப்பான சட்டையில் ஒல்லியாக ஒரு இளைஞன். "கீபோர்டு, நம்ம சம்பத்," என்று கஜபதி மைக்கில் சொன்னார். வரவேற்பு இசை ஆரம்பித்தது.

முதலில் வசந்தகுமாரிக்குச் சந்தோஷம்தான். என்னமாய்ப் பழகியிருக்கிறான் என்று குணசேகரனிடம் சொல்லக்கூட வாயெடுத்தாள். அப்போது சம்பத் நெற்றியில் விழுந்த முடியை இரண்டு கையாலும் ஒதுக்கினான். கீபோர்டின் இசை நிற்கவில்லை.

அவள் உட்கார்ந்த இடத்திலேயே நிமிர்ந்தாள். அடுத்த பாட்டில் சுசீலாவுக்கு இருமல் வந்து ஒரு வரி விட்டுப்போனது. கீபோர்டு அவளுக்காகக் காத்திருக்காமல் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. சுசீலா பின்னாலேயே ஓடிப் பிடித்தாள். வசந்தகுமாரி எந்த மேடையிலும் எந்தப் பாடகியையும் அப்படி விட்டுவிட்டுப் போனதில்லை. ஆனால் வாசிப்பு அவளுடையது. ஒவ்வொரு சுரமும் அவளுடையது.

"அது நான்," என்றாள் கணவனிடம்.

"எது?"

"அங்க வாசிக்கிறது நான். அந்தப் பையன் சும்மா கையை ஆட்டுறான். என் கேசட்டு ஓடுது."

குழந்தையை அவன் மடியில் வைத்துவிட்டு எழுந்தாள். பாட்டு முடியும்வரை மேடையோரத்தில் நின்றாள். கோவிந்தராஜின் மகள் முகத்தைப் பார்த்துத்தான் அவ்வளவு நேரமும் வாயை மூடிக்கொண்டிருந்தாள். மைக்செட்டுக்குப் பக்கத்தில் ஒரு டேப் ரெக்கார்டர் துண்டு போர்த்தி வைக்கப்பட்டிருந்தது. பாட்டு முடிந்ததும் கஜபதி அவளைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

"வாம்மா. கொழந்த நல்லா கீதா?"

"இது என்னண்ணா?"

"எதும்மா?"

அவள் துண்டை எடுத்தாள். கஜபதி குரலைத் தாழ்த்தினார். "கல்யாண ஊடும்மா. நாளைக்குப் பேசிக்கலாம்."

"பழகறதுக்குன்னு வாங்கிட்டுப் போனீங்க."

"அவனுக்கு வரலம்மா. நான் இன்னா பண்றது? ஒத்துகின கச்சேரிய வுட முடியுமா?"

"மூணு தடவ உங்க வாசல்ல வந்து நின்னேன். குழந்த சின்னதுன்னீங்க. அவன் நல்லா புடிச்சிக்கிட்டான்னு சொன்னீங்க."

"இதுல உனக்கு இன்னாம்மா நஷ்டம்? வேற யார் வாசிச்சதையாவது போட்டனா? உன்னுதத்தான் போட்டுகினு கீறேன். நியாயமா நீ சந்தோஷப்படணும்."

"என் கை மட்டும் வேணும், நான் வேணாம். அப்படித்தானே? இந்த மேடையில நிக்க நான் ஆகமாட்டேன், என் வாசிப்புக்கு நிக்க யாரோ ஒரு பையன். இதுக்கு நான் சந்தோஷப்படணுமா?"

அவர் பதில் சொல்லுமுன் அவள் மேடையேறிவிட்டாள். சம்பத் தானாகவே விலகினான். "எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. நிக்கச் சொன்னாரு, நின்னேன்," என்றான். அவனிடம் அவளுக்குக் கோபமில்லை. கீபோர்டிலிருந்து மைக்செட்டுக்கு ஒயரே இழுக்கப்படவில்லை. "இதுக்கு லைன் குடுங்க," என்றாள் மைக்செட்காரரிடம். அவர் கஜபதியைப் பார்த்தார். சபையில் முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கஜபதி தலையசைத்தார்.

முதல் பாட்டைக் கோபத்தில் அடித்து நொறுக்கினாள். சுசீலா திரும்பிப் பார்த்து, கையால் மெதுவாக என்று சைகை காட்டினாள். இரண்டாவது பாட்டில் சுசீலா ஒரு வரியை வழக்கத்தைவிட நீட்டினாள். கீபோர்டு நின்று, அவளைக் கூட்டிக்கொண்டு போனது. சுசீலா பாடிக்கொண்டே சிரித்தாள். வாசலில் குணசேகரன் அழுகிற குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே நடந்தான்.

ஆனால் சபையில் ஒருவருக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. முன்பு எப்படித் தட்டினார்களோ அப்படியேதான் கை தட்டினார்கள். பந்திக்கு எழுந்தவர்கள் எழுந்து போனார்கள். அதுதான் அவளை எல்லாவற்றையும்விட அதிகமாக எரித்தது.

கச்சேரி முடிந்ததும் கேசட்டைத் திருப்பித் தரும்படி கேட்டாள். கஜபதி எடுத்துக் கையில் கொடுத்தார். "இந்தா. கலீல் பாய் கடையில காப்பி போட்டு வச்சிகீறேன்," என்றார்.

மறுநாள் கலீல் ரகுமான் கடைக்குப் போனாள். விஷயத்தைக் கேட்டதும் அவர் கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தார்.

"நீ கேட்டன்னு சொல்லித்தாம்மா காப்பி வாங்கிட்டுப் போனாரு. வசந்தா பொண்ணு பத்திரமா வச்சிக்கணும்னு சொல்லிச்சுன்னாரு. உன்ன ஒரு வார்த்த கேட்டிருக்கணும், கேக்கல. நானே ஒயர் செஞ்சு குடுத்து, நானே காப்பியும் போட்டுக் குடுத்திருக்கேன் பாரு."

"உங்க மேல கோபமில்ல பாய். அழகா வரணும்னு ஆசப்பட்டது நான்தான். அது மோசமாவே இருந்திருந்தா யாரும் மேடையில போட்டிருக்க மாட்டாங்க."

"அழகா வாசிச்சது குத்தமா? அப்படி நினைக்காதம்மா," என்றார் அவர் கடுமையாக.

அந்த முகூர்த்தக் காலம் முழுக்கக் கஜபதி அந்தக் காப்பியை வைத்தே கச்சேரி செய்தார். வேப்பம்பட்டில் கேட்டதாக ஒருவர், திருவள்ளூரில் கேட்டதாக ஒருவர் என்று வந்து சொன்னார்கள். எங்கே போய் யாரிடம் முறையிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. குணசேகரன் சண்டைக்குப் போகிறேன் என்றான். வேண்டாம் என்றாள். டேப்பின் பின்னால் ஓடி அலுத்துப்போன சுசீலா விலகி வந்தாள். ஒரு தபேலாக்காரரையும் சேர்த்துக்கொண்டு மூவரும் சின்னச் சின்ன நிகழ்ச்சிகளுக்குப் போக ஆரம்பித்தார்கள். காது குத்து, வளைகாப்பு, பிறந்தநாள். கீபோர்டை மேடையின் முன்பக்கம், தன் கைகள் எல்லோருக்கும் தெரியும்படி போட்டுக்கொண்டாள்.

ஆடி முடிகிற சமயத்தில் கஜபதி குவார்ட்டர்ஸுக்கு வந்தார். கையில் குழந்தைக்கு ஒரு கவுன், கூடவே பிரிக்காத புதுக் கேசட் ஒன்று.

"பாட்டெல்லாம் பழசாயிடுச்சும்மா," என்றார் உட்கார்ந்தபடி. "இப்ப வந்துகீற புதுப் பாட்டத்தான் எல்லாரும் கேக்கறாங்க. டேப்புல அது இல்ல. ஆவணியில மூணு கச்சேரி ஒத்துகினு கீறேன். நீதான் வாசிச்சுக் குடுக்கணும்."

கேட்பதற்கு இந்த மனிதருக்கு எப்படி வாய் வந்தது என்றுதான் வசந்தகுமாரிக்குத் தோன்றியது.

"என் வாசிப்பு வேணும்னா நான் மேடைக்கு வரேன். கேசட்டுல வரமாட்டேன்."

"சம்பத்த வச்சு எல்லா எடத்துலயும் பேசி வச்சிட்டனேம்மா. சின்னப் பையன் நின்னா மேடை எடுப்பா கீது." கொஞ்சம் யோசித்தார். "வேணும்னா ஒண்ணு பண்றேன். இந்தத் தடவ மைக்ல உன் பேரச் சொல்லிடறேன். கீபோர்டு, வசந்தகுமாரின்னு. போதுமா?"

"சொல்லுங்க," என்றாள். "சொன்னதும் அந்தம்மா எங்கன்னு நாலு பேர் மேடையப் பார்ப்பாங்க. என்னண்ணா சொல்லுவீங்க?"

கஜபதி கவுனை நாற்காலியில் வைத்துவிட்டுக் கேசட்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். அவள் கவுனையும் எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.