ரெய்னா வீட்டு ஒயினும் எலியாவும்

டெவென்டர் நகரின் யூத அருங்காட்சியகத்தில், கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் வெள்ளிக் கோப்பையிலிருந்து, வேதகாலத் தீர்க்கதரிசி எலியா யூதர்களின் பஸ்கா பண்டிகை தோறும் ஒயின் குடித்துவிட்டுப் போகிறார். முதல் வருடம் காவலாளி மேல் சந்தேகம் வந்தது. அவர் பாலைத் தவிர எதையும் குடிப்பதில்லை என்று தெரிந்ததும், ஒயினை ஆவியாக்கிய பழி வெயிலுக்குப் போனது. மறு வருடம் கேமரா வைத்தார்கள். பூட்டிய பேழைக்குள் ஒயின் நிதானமாக இறங்குவதும், கடைசிச் சொட்டுக்காகக் கோப்பை சற்றே சாய்வதும் பதிவாகியிருந்தன. காப்பீட்டு நிறுவனம் அதை வழக்கமான பயன்பாடு என்று எழுதி விஷயத்தை முடித்துக்கொண்டது.

ஊரில் யாரும் பெரிதாக வியக்கவில்லை. பஸ்கா விருந்தில் அவருக்கென்று ஒரு கோப்பை ஊற்றிவைத்து, கதவையும் திறந்துவைப்பது எல்லா யூத வீட்டிலும் உண்டு; அருங்காட்சியகமும் அந்த வழக்கத்தை விடவில்லை. அழைத்த விருந்தாளி வருவதில் வியப்பு என்ன. மனம் நொந்தது ரெய்னா ஃபான் கெல்டர் மட்டும்தான். அது அவர் வீட்டுக் கோப்பை. ஐந்து தலைமுறையாக அவர்கள் மேசையில் தளும்ப நின்று, சொட்டும் குறையாமல் மறுநாள் காலை கழுவுதொட்டிக்குப் போன கோப்பை. தனக்குப் பின் யாருமில்லை என்று அவர்தான் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்.

"அத்தனை வருஷம் கூப்பிட்டோம், எட்டிக்கூடப் பாக்கல. இங்க வந்து வழிச்சுக் குடிக்கிறார்னா என்ன அர்த்தம்?" என்று பேழை முன் நின்று கேட்டார்.

"நம்ம வீட்டு ஒயின்தான் அக்கா அர்த்தம்," என்றார் தம்பி மெய்யர். அந்தக் குடும்பத்தில் உலர்திராட்சையை ஊறவைத்து வீட்டிலேயே ஒயின் செய்வார்கள். ரெய்னா தன் தாயின் பக்குவம் மாறாமல் செய்தார். "குடிச்சவங்கல்லாம் மறு வருஷம் வேற வீட்டுக்குப் போயிட்டாங்க. இவரு தீர்க்கதரிசி. முன்னாடியே தெரிஞ்சிருக்கும்."

அடுத்த பஸ்கா நெருங்கியபோது ரெய்னா ஒரு புட்டியோடு அருங்காட்சியகத் தலைவி யூடித் ஸ்பைரிடம் வந்தார். இந்த முறை தன் ஒயினைத்தான் ஊற்ற வேண்டும் என்றார்.

"ரெய்னாம்மா, அவருக்கு நம்ம பிரெஞ்சு ஒயின் பழகிப்போச்சு. கோவிச்சுக்கிட்டு வராமலே போயிட்டா?"

"வரலைன்னா வரலைன்னு தெரிஞ்சுக்கறேன். எங்கம்மா கடைசி வரைக்கும் அந்தக் கோப்பையைப் பாத்துக்கிட்டேதான் சாப்பிட்டா, யூடித்."

யூடித் சாவியை எடுத்தார். கேமராவையும் அணைக்கச் சொன்னார் ரெய்னா. "விருந்தாளி வாயையே பாத்துக்கிட்டு உக்கார்றது எங்க வீட்டுப் பழக்கமில்ல."

மறுநாள் காலை கோப்பை காலியாக இருந்தது. ரெய்னா பெஞ்சில் உட்கார்ந்து சற்று அழுதார். பிறகு எழுந்து காவலாளியிடம் சொன்னார், அவர் கேட்டு முடித்த பின்னும் மறுபடி சொன்னார். ஓவியம் பார்க்க வந்த டேனிஷ் தம்பதியரைக் கையைப் பிடித்து அழைத்துவந்து காட்டினார்.

மெய்யர் கூடத்தின் மறுகோடிக்கு நடந்தார். பண்டிகைக்காக யூடித் அங்கே ஜன்னலோரம் வைத்திருந்த வெள்ளை டியூலிப் பூக்கள் திராட்சைப் பழுப்பாகி, ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து கிடந்தன. சாடித் தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். சந்தேகமே இல்லை, அம்மாவின் பக்குவம்.

"அங்க என்னடா?" என்றார் ரெய்னா.

வாழ்நாளில் ஒரு கேலியையும் வீணாக்காத மெய்யர் யூடித்தைப் பார்த்தார். யூடித் கூரையைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லக்கா. பூ வாடியிருக்கு."

"இன்னொரு கோப்பை கேட்டிருப்பாரோ?"

"கேட்டிருப்பாரு."

அன்றிலிருந்து பஸ்கா தோறும் ரெய்னாவின் ஒயின்தான். பெரியவர் எலியா அதிக தூரம் நடக்க வேண்டாம் என்று யூடித் இப்போதெல்லாம் பூச்சாடியைப் பேழைக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுகிறார்.