பதினொரு தடவை வந்த பெட்டி

பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் மூன்று துறைமுகங்களுக்குள் போட்டி இருக்கிறதா என்று அளப்பதுதான் அரசு அலுவலகத்தில் அவளுடைய வேலை. ஒவ்வொன்றும் கையாளும் கன்டெய்னர் பெட்டிகளின் பங்கை அதே பங்கால் பெருக்கி, மூன்றையும் கூட்டினால் ஓர் எண் வரும். எண் ஏறினால் தொழில் ஒரே கையில் குவிகிறது. இறங்கினால் போட்டி நடக்கிறது. இந்த வருடம் சரசரவென்று இறங்கியிருந்தது. காரணம், சின்னத் துறைமுகம். வருடக்கணக்காகப் படுத்தே கிடந்தது, ஆறே மாதத்தில் சரக்கு இரட்டிப்பாம்! யார் காதில் பூச்சுற்றுகிறார்கள்?

நடுத் துறைமுகத்தை வாங்கப் பெரிய துறைமுகம் மனுப் போட்டிருந்தது. அவள் அறிக்கையில் எண் இப்படியே போனால், போட்டிதான் இருக்கிறதே என்று திங்கட்கிழமை அனுமதி நிச்சயம்.

சின்னத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அண்ணனிடம் போனில் கேட்டாள். "வேலை தலைக்கு மேல இருக்கு" என்று வைத்துவிட்டான். வாய் ஓயாதவன் இப்படிச் சொன்னதே அவளுக்கு உறுத்தியது. பெட்டி நம்பர்களை வரவழைத்துத் துருவினாள். ஒரே பெட்டி, எடையைப் பார்த்தால் காலி, பதினொரு தடவை வந்து போயிருந்தது. ஒவ்வொரு தடவையும் புதுச் சரக்காகப் பதிவு!

மதியம் துறைமுக கேன்டீனுக்கே போய் அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"தெரிஞ்சுதானே ஏத்தி இறக்குறே?"

அண்ணன் அக்கம்பக்கம் பார்த்தான். "மெதுவா பேசு. நீ இத எழுதினா பெட்டி வர்றது நின்னுடும். ரெண்டு கிரேன நிறுத்துவாங்க. மொதல்ல வீட்டுக்குப் போறது நான்தான்."

அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. கூடப்பிறந்தவனையே சந்தேகப்பட வைத்துவிட்டார்களே!

"காலிப் பெட்டிய யாருண்ணே அனுப்புறது?"

"பெரிய துறைமுகத்துப் படகுதான் கொண்டாருது."

"நீங்க போட்டிக்கு நிக்கிற மாதிரி காட்டத்தான். திங்கக்கிழமை அனுமதி கைக்கு வந்துட்டா, செவ்வாய்க்கிழமை அந்தப் படகு எதுக்கு வரணும்?"

அண்ணன் தேநீரைத் தள்ளி வைத்தான்.

"அப்போ நீ எழுதினாலும் போச்சு, எழுதாட்டியும் போச்சு?"

"ஆமாண்ணே."

"அது ஒரு பெட்டி மட்டும் இல்ல, நாப்பது இருக்கு. தினம் தூக்குறவனுக்கு மனப்பாடமாகாதா? பேனாவ எடு."

ஒவ்வொரு நம்பராகச் சொன்னான். அவள் எழுதினாள். அவன் நிறுத்தவில்லை.