நாலு அடிக்குப் பிறகு

“அந்த வரிய இன்னொரு தடவ படி” என்றார் இஸ்ஸெல்மு, கண்ணைத் திறக்காமலே.

தெக்பர் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி படித்தாள். காலையிலிருந்து பதினெட்டுப் பக்கம்தான் ஆகியிருந்தது. அவளுடைய நாவல் முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். வாப்பா இன்றைப் பொழுதைத் தாண்டுவதே பெரிது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

“வாப்பா, இது கவிதை இல்ல. வரிக்கு வரி நின்னா கதை நகராது.”

“நிக்காம ஓடுனா என் காதுல என்ன தங்கும் மவளே?”

அவர் புத்தகமே போட்டதில்லை. ஆனாலும் தலைநகர் நுவாக்‌ஷோத்தில் அவர் கவிதை தெரியாத டாக்சிக்காரன் கிடையாது. தெக்பரின் நாவல் வந்து இரண்டு வருஷம். படித்தவர்கள் இருந்தார்கள்தான், தனித்தனி வீடுகளில், கதவைச் சாத்திக்கொண்டு.

அண்ணன் ஷைகானி தலையை நீட்டினான். “ஊர்லேர்ந்து நாலு பேர் வந்திருக்காங்க. சலாம் சொல்லிட்டுப் போயிடுவாங்க.”

“ஒரு மணி நேரம் யாரையும் விடாதேன்னேனே அண்ணே.”

“வந்தவங்கள வெயில்ல காயவிடச் சொல்றியா? உன் புத்தகம் எங்கயும் ஓடிப்போயிடாது.”

 தெக்பர் புத்தகத்தை மூடினாள்.

வந்தவர்கள் பாயைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருவர் ஆரம்பிக்க மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். பிரிந்துபோன மனைவியின் கூடாரம் இருந்த வெற்றிடத்தைப் பற்றி நாற்பது வருஷத்துக்கு முன் இஸ்ஸெல்மு பாடிய நாலு அடி. பாடி முடித்ததும் ஒருவர் தலைப்பாகை நுனியால் கண்ணைத் துடைத்தார். தெக்பருக்கும் அது மனப்பாடம். தலாக் சொல்லி உம்மாவை அனுப்பியவர் அவரேதான் என்பது அந்த நாலு அடியில் இல்லை.

அவர்கள் போனதும் புத்தகத்தின் பின்பாதியைத் திறந்தாள்.

“எங்கயோ தாவுறியே?”

“நேரம் இல்ல வாப்பா.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அவர் உதட்டோரம் சிரித்த மாதிரி இருந்தது.

படித்தாள். ஒரு பெண் கூடாரத்தைச் சுருட்டிக் கட்டி, இரண்டு பிள்ளைகளோடு உப்பு லாரியின் மேல் ஏறுகிறாள். பெயர் வேறு, ஆள் யாரென்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. சின்னவளுக்குக் காய்ச்சல். தண்ணீர்த் தோல்பை ஒழுகுகிறது. நடு மணலில் லாரி நின்றுவிடுகிறது.

ஒரு வரியைக்கூட அவர் திருப்பிக் கேட்கவில்லை. கண் திறந்திருந்தது. ஷைகானி மறுபடி கதவைத் திறந்து, “வாப்பா, இன்னும் ஒரு அஞ்சு பேரு...” என்றபோது கையை உயர்த்தினார். வந்த விருந்தாளியை அவர் நிறுத்திப் பிள்ளைகள் இருவரும் பார்த்ததே இல்லை. ஷைகானி கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டான்.

“அப்புறம்?” என்றார் இஸ்ஸெல்மு.

வேர்த்த விரலில் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டது. அவசரமாகப் பிரித்து நிமிர்ந்தாள். அவர் வாய் கேட்டபடியே திறந்திருந்தது.

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின் ஆண்கள் அவரை அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள். வாசலில் கூட்டம் குறையவில்லை. ஷைகானி உள்ளே வந்து குரலைத் தாழ்த்தினான்.

“எல்லாரும் அதையே கேக்குறாங்க. கடைசியா என்ன பாடினாரு?”

“பாடல.”

“ஒரு அடிகூடவா?”

“இல்லண்ணே.”

நம்பாமல் அவளைப் பார்த்துவிட்டுப் போனான். கொஞ்ச நேரத்தில் வெளியே அந்த நாலு அடியே எழுந்தது, இருபது முப்பது குரலில்.

தெக்பர் உள்ளறைக்குப் போய் அத்தார் ஊரிலிருக்கும் உம்மாவுக்கு ஃபோன் போட்டாள். செய்தி ஏற்கெனவே போயிருந்தது.

“வலி இருந்துச்சா?”

“இல்ல உம்மா. உங்க லாரிக் கதையப் படிச்சுக்கிட்டிருந்தேன்.”

“அவரா? கேட்டாரா?”

“லாரி நின்ன இடம் வரைக்கும். ‘அப்புறம்?’னு கேட்டாரு.”



“மிச்சத்த நீ சொன்னியா?”

“அதுக்குள்ள...”

அந்தப் பக்கம் தேநீர் ஒரு தம்ளரிலிருந்து இன்னொன்றில் விழும் சத்தம் கேட்டது. நுரை கட்டிய பிறகும் உம்மா மாற்றி மாற்றி ஊற்றிக்கொண்டே இருந்தாள். ஃபோனை வைக்கவில்லை.